காய்கறி வெட்டுக்கு வந்த ஒரே ஆள்

எங்கள் பூதப்பாண்டிப் பக்கம் கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் காய்கறி வெட்டு உண்டு. ஊர் ஆண்கள் அவரவர் வீட்டுப் பிச்சாத்திக் கத்தியோடு வந்து, பந்தலில் வட்டமாக உட்கார்ந்து, பூசணியும் சேனையும் நறுக்கிக்கொண்டே ஊர்வம்பு பேசுவார்கள். கல்யாணத்துக்குத்தான் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும். இதற்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. அழைத்தால், 'நான் என்ன அன்னியனா?' என்று கோபித்துக்கொள்வார்கள்.

என் தங்கைக்குக் கல்யாணம் வைத்தபோது நாங்கள் இன்னும் திருவனந்தபுரத்து ஆட்சியில் இருந்தோம். தமிழ் பேசும் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று ஊர்வலம் போனவர்களில் நானும் ஒருவன். பள்ளிக்கூட வாத்தியார்; பிரம்பைக்கூட ஓங்கத்தான் தெரியும், அடிக்கத் தெரியாது. போலீஸ் ரிப்போர்ட்டில் தீவிரவாதி என்று எழுதிவிட்டார்கள். வேலை போயிற்று.

அடுத்த வீட்டு நண்பன், ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னோடு ஒரே பெஞ்சு, ஆற்றில் குளிக்கும்போது கேட்டான்.

"சுதந்திரம் கெடச்ச சூடே ஆறல்ல. அதுக்குள்ள நாட்டத் துண்டு போடணுமாலே?"

"துண்டு போடவா சொல்லுகோம்? சேக்கத்தானே சொல்லுகோம். அங்க இருக்கதும் இதே இந்தியாதாம்லே."

"எனக்குத் தெரியும் மக்கா. போலீசுக்குத் தெரியாண்டாமா?"

மறுநாளிலிருந்து அவன் குளிக்கும் நேரத்தை மாற்றிக்கொண்டான்.

காய்கறி வெட்டு அன்று எதிர்க் கடை பெஞ்சில் மஃப்டியில் ஒரு போலீஸ்காரர், மடியில் நோட்டு. என் வீட்டுக்கு வருகிறவர்கள் பேரை எழுத வந்தவர் என்று ஊருக்கே தெரியும். பாய்களை விரித்துவிட்டு நான் உட்கார்ந்தேன். போய்க் கூப்பிடலாமா என்று எழுந்தேன். வீம்பு வந்து மறுபடி உட்கார்ந்துவிட்டேன். அடுத்த வீட்டுக்காரன் ஒருத்தனாவது வருவான் என்று தெருவையே பார்த்தபடி சேனையை நறுக்கினேன். கை அரித்தது. சமையற்காரர் இரண்டு தடவை வந்து பூசணிக் குவியலைப் பார்த்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிப் போனார். விளக்கு வைக்கும் நேரமாகியும் யாரும் வரவில்லை. சொந்த ஊரில், சொந்தப் பந்தலில், அத்தனை தனியாக நான் இருந்ததேயில்லை. அடுத்த வீட்டுக் கதவு சாத்தியே கிடந்தது.

கடைசியில் போலீஸ்காரர்தான் எழுந்து வந்தார். மேற்கே நெய்யாற்றின்கரைக்காரர், மலையாளி.

"சாறே, ஒற்றைக்கிருந்நு வெட்டியால் எப்பத் தீரும்? ஒரு பிச்சாத்தி தரணும்" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

மடியில் செருகியிருந்த நோட்டு கீழே விழுந்தது. எடுத்துப் புரட்டினேன். அன்றைய பக்கத்தில் ஒரு பேரும் இல்லை.

"எழுதான் ஆளு வேண்டே, சாறே" என்றார், எழுத ஆள் வந்தால்தானே என்பதுபோல.

இருவருமாக அத்தனையும் வெட்டி முடித்தோம்.

இரண்டு வருஷம் கழித்துத் தாலுகாக்கள் சென்னையோடு சேர்ந்தன. தீவிரவாதி என்ற பேர் போய்த் தியாகி என்று பேர் வந்தது. நான் செய்ததென்னவோ அதே ஊர்வலம்தான். ஊரே மாலையோடு வந்தது. "நம்ம ஆளுலே" என்று அடுத்த வீட்டு நண்பன் என் தோளில் கை போட்டான். சிரித்தேன், வேறென்ன செய்ய? அந்த நோட்டில் எழுதப்படாமல் போன பேர்கள் ஒவ்வொன்றும் எனக்கு இன்றும் மனப்பாடம். முதல் பேர் அவனுடையது.