சலூன் நாற்காலியில் பதினைந்து நிமிடம்

சுரங்கத்தில் எல்லாரும் அவனைக் கிராப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள், தலையைப் படிய வாரிக்கொள்கிற ஆள், அதனால் வந்த பேர் என்று நினைத்துக்கொள்வார்கள். அவனும் திருத்தமாட்டான். பழைய ஆட்களுக்கு மட்டும் காரணம் தெரியும். அவர்களும் இப்போது குத்தலாகச் சொல்வதில்லை. பதினாறு வருஷத்தில் அது வாய்க்குப் பழகிப்போனது. அவனுக்குத்தான் ஒவ்வொரு தடவையும் பிடரியில் சுருக்கென்று ஏதோ தைக்கும்.

அதற்கு முன்னால் அவனுக்கு டிப்ளமோ என்று பேர். சுரங்கக் குடியிருப்பின் அந்த வரிசை வீடுகளில் கரி வெட்டுகிறவர்கள் இருந்தார்கள், கூரைக்கு முட்டுக் கொடுக்கிறவர்கள் இருந்தார்கள், பம்பு ஓட்டுகிறவர்கள் இருந்தார்கள். சுரங்கப் பொறியியல் டிப்ளமோ படிக்கப் போன முதல் ஆள் அவன்தான். காய்கறி வாங்கப் போனாலும் "டிப்ளமோ, நீ வந்து எங்களையெல்லாம் கொஞ்சம் நல்லா நடத்துப்பா" என்று யாராவது கிண்டலும் பெருமையுமாகச் சொல்வார்கள்.

படிக்கவைத்தது அண்ணன். பன்னிரண்டு வயது மூத்தவர். கூண்டு ஓட்டுவது அவர் வேலை. தரையிலிருந்து முந்நூறு மீட்டர் ஆழத்துக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டின் கம்பிவடம், தனிக் கட்டடத்தில் இருந்த ஒரு பெரிய உருளையில் சுற்றிக்கொண்டிருக்கும். அதன் நெம்புகோல் அண்ணன் கையில். கூண்டில் யார் ஏறுகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. மணிச் சத்தம்தான் கேட்கும். ஆள் ஏறியிருந்தால் மூன்று தடவை அடிக்கும்.

கல்லூரியில் அவன் கெட்டிக்காரன். காற்றோட்ட வரைபடம் போடச் சொன்னால், நல்ல காற்று எந்த வழியாகப் போகிறது, கெட்ட காற்று எந்த வழியாகத் திரும்புகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு கோடு இழுப்பான். இரண்டாம் வருஷம் ஆறு வாரம் சுரங்கத்தில் பயிற்சி. முதல் நாள் கீழே போனதும் பயிற்சி அதிகாரி எல்லாரையும் நிற்கவைத்து, "விளக்க அணைங்க. இருட்டுன்னா என்னன்னு ஒரு நிமிஷம் பாத்துக்குங்க" என்றார்.

அணைத்தார்கள். அவன் வீட்டிலும் இருட்டைப் பார்த்திருக்கிறான். இது வேறு மாதிரி இருந்தது. கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. எங்கோ கூரை மெல்ல முனகியது. மூச்சை உள்ளே இழுக்கிறான், இறங்க மாட்டேன் என்கிறது. விளக்குகள் மறுபடி எரிந்தபோது அவன், வகுப்பில் தன் பக்கத்து பெஞ்சுக்காரனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். கால்சட்டை நனைந்திருந்தது. அது கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற இடம் என்பதால் யாருக்கும் தெரியவில்லை.

அன்று வீட்டில் அண்ணன், "எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்டார்.

"நல்லா இருந்துச்சுண்ணே."

"பயிற்சிப் பசங்க கூண்டுன்னு போன்ல சொல்லிடுவாங்க. பூ மாதிரி இறக்கினேன், கவனிச்சியா?"

கவனித்தேன் என்று தலையாட்டினான்.

மறுநாள் அவன் கீழே போகவில்லை. விளக்கு அறையில் தன் எண் போட்ட டோக்கனைக் கொடுத்துவிட்டு விளக்கை வாங்கினான். டோக்கன் பலகையில் தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். மாணவர்கள் கூண்டில் இரண்டு நடையாக இறங்குவார்கள். அதிகாரி முதல் நடையில் போய்விடுவார். இரண்டாம் நடைக்கு வரிசை நிற்கும்போது, "நோட்டை விட்டுட்டேன்" என்று பக்கத்து பெஞ்சுக்காரனிடம் முணுமுணுத்துவிட்டு ஒதுங்கினான். மரக்கட்டைக் கிடங்குக்குப் பின்னால், உடைந்த தள்ளுவண்டிகள் கிடந்த கொட்டகையில் போய் உட்கார்ந்தான். மூன்று மணிக்கு எல்லாரும் மேலே வருகிற நேரம் பார்த்து, முகத்தில் கரித்தூளைப் பூசிக்கொண்டு கூட்டத்தில் கலந்து, விளக்கைக் கொடுத்து டோக்கனை வாங்கிக்கொண்டான். கீழே இருபது பேரும் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரிந்து வெவ்வேறு ஆட்களோடு போனதால் யாரும் தேடவில்லை.

ஒருநாள் என்று நினைத்துத்தான் செய்தான். அது ஒன்பது நாள் ஆனது. பக்கத்து பெஞ்சுக்காரனின் குறிப்பேட்டைச் சாயங்காலம் வாங்கி, தன் நோட்டில் அதைவிட அழகாக எழுதினான். முட்டுகளின் இடைவெளி, காற்றுக் கதவுகள், தண்டவாளத்தின் சரிவு எல்லாம் வண்ணப் பென்சிலில். அதிகாரி அந்த நோட்டை வகுப்பில் உயர்த்திப் பிடித்து, "கண்ணால பாத்து எழுதுறதுன்னா இப்படி எழுதணும்" என்றார். அவனுக்குக் காது மடல் எரிந்தது. பக்கத்து பெஞ்சுக்காரன் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

துணி துவைக்கும்போது அண்ணி ஒருமுறை கேட்டாள். "என்னப்பா, உன் சட்டையில கரி இருக்கு, வேர்வை வாடையே இல்லையே?"

"கீழ குளிரா இருக்கும் அண்ணி."

அண்ணி ஒரு நொடி அவனைப் பார்த்தாள். சட்டையை மறுபடி வாளியில் அமுக்கினாள்.

பத்தாவது நாள் கொட்டகையில் உட்கார்ந்து உட்கார்ந்து சலித்துப்போனது. விளக்கையும் ஹெல்மெட்டையும் ஒரு தள்ளுவண்டிக்கு அடியில் செருகிவிட்டு, மரக்கட்டை லாரி போகும் வாசல் வழியாகக் கடைத்தெருவுக்கு நடந்தான். முடி காதுக்கு மேல் விழுந்துகொண்டிருந்தது. இரண்டு மணிக்குள் வெட்டிக்கொண்டு திரும்பிவிடலாம் என்று சலூனுக்குள் நுழைந்தான். முன்னால் நான்கு பேர். மின்விசிறிக்குக் கீழே பெஞ்சில் சாய்ந்தவன் தூங்கிப்போனான். முடிதிருத்துபவர் தட்டி எழுப்பும்போது மூன்றரை. எல்லாரும் மேலே வந்திருப்பார்கள். தாமதத்துக்கு ஒரு கதை யோசித்துக்கொள்ளலாம் என்று நாற்காலியில் ஏறினான். ஒரு பக்கம் வெட்டி முடிவதற்குள் சுரங்கத்துச் சங்கு ஊதியது.

கத்தரி நின்றது. "ஷிப்டு முடிஞ்சு நேரமாச்சே. யாரோ உள்ள மாட்டிக்கிட்டாங்க" என்றார் முடிதிருத்துபவர்.

காத்திருந்த ஒருவர் யாருக்கோ போன் போட்டார். கேட்டுவிட்டு, "ஒரு டோக்கன் பலகையிலயே தொங்குதாம். படிக்க வந்த பையனாம். வேலை நிறுத்தின பழைய பாதைப் பக்கம் தேடி எறங்கியிருக்காங்க" என்றார்.

கண்ணாடியில் அவனுக்கு அவன் முகம் தெரிந்தது. பாதி கிராப்பு, பாதி காடு. சுவர்க் கடிகாரம் மூன்றே முக்கால் காட்டியது. எழுந்திருக்க வேண்டும். கழுத்தில் கட்டிய துணியை அவிழ்த்துவிட்டு, நான்தான் அது என்று சொல்லிவிட்டு ஓட வேண்டும். அது அவனுக்கு நன்றாகத் தெரிந்தது.

"மீதியையும் முடிச்சிடட்டுமா?" என்று முடிதிருத்துபவர் கேட்டார்.

"ம்" என்றான்.

பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தான். முடி வெட்டி முடிகிறவரை எதுவும் நடக்காது, எழுந்தால்தான் எல்லாம் நடக்கும் என்பதுபோல் ஒரு எண்ணம். பின்கழுத்தைச் சவரக்கத்தியால் ஒழுங்குபடுத்தி, பவுடர் தட்டி, சின்னக் கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டியபோது, "இந்தப் பக்கம் கொஞ்சம் குறைக்கலாமா?" என்றுகூடக் கேட்டான். பிற்பாடு யோசித்தால் அவனாலேயே நம்ப முடியாதது அந்தக் கேள்விதான்.

சுரங்க வாசலில் குடியிருப்பே திரண்டு நின்றது. பக்கத்து பெஞ்சுக்காரன் அழுதுகொண்டிருந்தான். மூன்று மணிக்கு அதிகாரி கேட்டபோது, ஆப்சென்ட் விழாமல் காப்பாற்றுவதாக நினைத்து, "பின்னால வந்துட்டிருந்தான் சார்" என்று சொன்னது அவன்தான். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் பன்னிரண்டு பேர் கீழே இறங்கியிருந்தார்கள்.

முதலில் பார்த்தது அண்ணி. கை ஈரத்தோடு அப்படியே ஓடிவந்திருந்தாள். அவனை இழுத்துக் கழுத்தைத் தடவினாள். கையில் ஒட்டிய வெள்ளைத் தூளைப் பார்த்தாள். முகர்ந்தாள்.

"எங்க இருந்த?"

"சலூன்ல."

அண்ணி அவனை அடிக்கவில்லை, திட்டவில்லை. திரும்பி, வாசல் காவலரிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். "உள்ள போனவங்கள மேல வரச் சொல்லுங்க. இவன் இங்க இருக்கான்."

மேலே வந்த ஆட்களில் ஒருவரைத் தூக்குப்படுக்கையில் கொண்டுவந்தார்கள். முட்டுக் கொடுக்கிறவர்களில் மூத்தவர். பழைய பாதையில் கூரையிலிருந்து ஒரு பலகைக்கல் விழுந்து தோளெலும்பு முறிந்திருந்தது. கடைசி ஆள் வெளியே வரும்வரை அண்ணனால் நெம்புகோலை விட்டு எழ முடியவில்லை. பிறகு படியிறங்கி வந்தார். தம்பியை உச்சியிலிருந்து கால்வரை பார்த்தார். காவலரிடம், "எல்லாரும் மேல வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார். அதன்பிறகு பதினோரு மாதம் அவர் தம்பியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே கூரைக்குக் கீழே, ஒரே குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு.

விசாரணையில் அவன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். ஒன்றைத் தவிர. "சங்குச் சத்தம் கேட்டதும் ஓடிவந்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். மேஜையில் திறந்து கிடந்த பதிவேட்டில் விபத்து நேரம் தலைகீழாகத் தெரிந்தது. 3.55. அந்த நேரத்தில் அவன் தலையில் சீப்பு ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு வருஷம் படிப்பிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அந்த வருஷம் அவன் மரக்கட்டைக் கிடங்கில் கட்டை தூக்கினான். கிராப்பு என்ற பேர் அங்கேதான் ஒட்டியது.

மூன்றாம் மாதம் முட்டுக்காரர் வீட்டுக்குப் போனான். கை இன்னும் கழுத்தில் மாட்டிய தூளியில் தொங்கியது. அவர் மனைவி சட்டைப் பொத்தான் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள். அவன் நின்றபடியே அந்தப் பதினைந்து நிமிடத்தைச் சொன்னான். சொல்லிவிட்டால் நெஞ்சு லேசாகும் என்று நினைத்திருந்தான்.

முட்டுக்காரர் கேட்டு முடித்தார். "இத எதுக்கு எங்கிட்ட வந்து சொல்ற?" என்றார். "கல்லு விழுந்துச்சு, என் நேரம்னு விட்டுட்டேன். இனிமே ராத்திரி வலிக்கும்போதெல்லாம் நீ நாற்காலியில உக்காந்திருக்கறதுல்ல கண்ணுக்குத் தெரியும்? உன் பாரத்தை இறக்கிவைக்க என் வீடுதான் கெடச்சுதா?"

அவர் மனைவி, "போயிட்டு வா தம்பி" என்றாள். "வா" என்ற வார்த்தை வெறும் மரியாதைக்கு என்று அவனுக்குப் புரிந்தது. மறுபடி போகவில்லை.

அடுத்த வருஷம் பயிற்சிக்குத் திரும்பியபோது அதிகாரியிடம் நேராகப் போய், "எனக்குக் கீழ போக பயம் சார்" என்றான்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதைச் சொல்லவா ஒரு வருஷம்? போன வருஷமே ரெண்டு பேர் சொன்னாங்க. ஒருத்தனை சர்வே ஆபீஸ்ல போட்டேன். இன்னொருத்தன் கூட நானே நாலு நாள் போயிட்டு வந்தேன். சரியாயிட்டான்."

அவ்வளவுதான் விஷயம். வாயைத் திறந்திருந்தால் இரண்டு நிமிஷத்தில் முடிந்திருக்கும். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான், இதைத் தாங்கமுடியவில்லை. கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதான்.

பயம் சரியாகவில்லை. ஆனால் போனான். முதல் வாரம் தினமும் வாந்தி எடுத்தான். டிப்ளமோ முடித்தான், அதே சுரங்கத்தில் காற்றோட்டப் பிரிவில் டெக்னீஷியன் ஆனான். காற்றின் வேகம், வாயுவின் அளவு, கதவுகளின் நிலை எல்லாவற்றையும் அளந்து எழுதுவது வேலை. அளக்காமல் ஓர் எண்ணைக்கூட அவன் எழுதியதில்லை. அவன் நேர்மையானவன் என்று மேலதிகாரிகள் சொல்வார்கள். அதைக் கேட்டுக்கொண்டு நிற்பது அவனுக்குச் சிரமமாக இருக்கும்.

அண்ணன் பன்னிரண்டாம் மாதம், "குழாயை மூடு, தண்ணி வழியுது" என்று பேச ஆரம்பித்தார். பிறகு எல்லாமே பேசினார். அதை மட்டும் பேசவில்லை.

போன மாதம் அண்ணனுக்குக் கண்ணில் புரை ஆபரேஷன். பார்வைச் சோதனையில் தேறாததால் கூண்டு வேலையிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். ஒரு கண்ணில் கட்டோடு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தவர், பக்கத்தில் இருந்த தம்பியைப் பார்க்காமலே சொன்னார்.

"அன்னைக்கு ஒரு மணி நேரத்துல ஏழு நடை இறக்கி ஏத்தினேன். மேல வரும்போதெல்லாம் பாரத்துக்குத் தக்க மோட்டார் இழுக்குற கரண்டைக் காட்டுற முள்ளையே பாத்துக்கிட்டிருந்தேன், போனதைவிட ஒரு ஆள் கூட வருதான்னு. ஒரு ஆள் எடைக்கெல்லாம் அந்த முள்ளு அசையாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பாத்தேன்."

முட்டுக்காரர் வீட்டில் கேட்டது நினைவுக்கு வந்தது, சொல்லாமலே இருந்துவிடலாமா என்று தோன்றியது. இருந்தாலும் சொன்னான். "அண்ணே, சங்கு கேட்டப்பவே எனக்குத் தெரியும்ணே. முடி வெட்டி முடியறவரைக்கும் உக்காந்திருந்தேன்."

அண்ணன் கண்கட்டின் ஓரத்தை அழுத்திவிட்டார். "எவ்வளவு நேரம்?"

"பதினஞ்சு நிமிஷம்."

"ரெண்டு நடை" என்றார் அண்ணன்.

நர்ஸ் சொட்டு மருந்துக்குக் கூப்பிட்டாள். அவன் நீட்டிய கையைப் பிடிக்காமல் அண்ணன் சுவரை ஊன்றி எழுந்தார். தாழ்வாரத்தின் கடைசியில் இரண்டு படி. ஒற்றைக் கண்ணுக்குப் படியின் ஆழம் பிடிபடவில்லை. காலால் துழாவிப் பார்த்தவர், அவன் தோளைப் பற்றிக்கொண்டு இறங்கினார்.