கை போனால் ஒரு மணி நேரம்

காரின் பானட்டைத் தூக்கியதும் எங்கள் தெரு மெக்கானிக் எஞ்சினைப் பார்ப்பதில்லை. கையை உள்ளே விட்டுவிட்டு, பீரோவுக்குப் பின்னால் விழுந்த சாவியைத் தேடுகிறவர்போலக் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். எவ்வளவு நேரமாகும் என்று யாராவது கேட்டால் பதில் வராது. விரல்கள் போல்ட்டைத் தொட்ட பிறகுதான் வாய் திறக்கும்.

ஸ்டார்ட்டர் மோட்டார் என்றால் அவருடைய கணக்கு இரண்டே வரி. "கை போனா ஒரு மணி நேரம். போகலன்னா மூணு."

தெருவில் அவருக்கு டைம்கீப்பர் என்று பெயர். ஐம்பத்திரண்டு வயது, அகலமான உள்ளங்கை, தடித்த விரல்கள். சொன்ன நேரத்திலிருந்து ஐந்து நிமிடம் தள்ளிப்போனாலும் முகம் சுருங்கிவிடும். "எப்ப வீட்டுக்கு வருவீங்கன்னு கேட்டாக்கூட, போல்ட்டைப் பாத்துட்டுச் சொல்றேங்கிறாரு" என்கிறார் மனைவி.

என் காருக்கு ஆயில் மாற்றப் போயிருந்த காலையில், ஒன்பது பத்துக்கு, ஒரு சிறிய நீலக் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். அதை ஓட்டுகிற பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை. சிறுவயதிலிருந்தே கால்கள் பலமில்லை, ஊன்றுகோலோடு நடப்பவர். பிரேக்கையும் வேகத்தையும் கையால் இயக்கும்படி மாற்றிய வண்டி அது. பன்னிரண்டு மணிக்கு ஓட்டுநர் உரிமத் தேர்வு. வேறு காரில் அவரால் ஓட்டிக் காட்ட முடியாது. இன்று தவறினால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும்; கூடமோ அடுத்த மாதம் ஊருக்கு வெளியே போகிறது, அங்கே பஸ் இல்லை.

சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற ஒலி மட்டும் வந்தது. ஸ்டார்ட்டர் மோட்டார் செத்துப்போயிருந்தது. மாற்று மோட்டார் அலமாரியில் இருந்தது. டைம்கீப்பர் கையை உள்ளே விட்டார். மணிக்கட்டோடு நின்றுவிட்டது.

"மூணு மணி நேரம்."

கூட வந்திருந்த அப்பா, விலை பேசுகிறவர்போல, கொஞ்சம் குறைத்துச் சொல்லக் கூடாதா என்று கெஞ்சினார்.

"சொல்லிடலாம் ஐயா. வண்டி கேக்காதே."

கீழ் போல்ட் சுலபம், மேல் போல்ட்டைப் பிடிக்க மேலே இருக்கும் குழாய்களையெல்லாம் கழற்ற வேண்டும் என்று விளக்கினார். அப்பா வாசலுக்குப் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். பெண் மட்டும் நகரவில்லை.

"அந்த போல்ட் எங்க இருக்கு?"

அவர் காட்டினார். ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டு, வயிற்றை வண்டியின் முகப்பில் அண்டக்கொடுத்து, அந்தப் பெண் கையை விட்டார். முழங்கைவரை போயிற்று. விரல் நுனியால் போல்ட்டின் தலையைச் சுற்றித் தடவினார்.

"ஆறு முனை. ஒண்ணு மழுங்கியிருக்கு."

டைம்கீப்பர் அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தார். உள்ளே போய், இருப்பதிலேயே குட்டையான ஸ்பேனரை எடுத்துவந்து கொடுத்தார். பிறகு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

அடுத்த ஒரு மணி நேரம் அடியிலிருந்து குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. இழுக்காதீங்க, தள்ளுங்க. இப்ப விடுங்க. திருப்பி வைங்க. ஒருமுறை ஸ்பேனர் வழுக்கி விரல்முட்டியில் தோல் உரிந்தது. பெண் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி கையை உள்ளே விட்டார். பழைய மோட்டார் கீழே இறங்கியது. புதியது ஏறியது. மேல் போல்ட்டை முடுக்கியதும் அந்தக் கைதான்.

பத்தரைக்கு டைம்கீப்பர் சாவியைத் திருப்பச் சொன்னார். எஞ்சின் சட்டென்று பிடித்துக்கொண்டது. அவருக்குத் திருப்தியில்லை, அணைக்கச் சொல்லி, மறுபடி போடச் சொல்லி, ஐந்து முறை கேட்டார். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டே பின் இருக்கையில் ஏறினார்.

மாலையில்தான் என் காரை எடுக்கப் போனேன். ஐந்து மணிக்கு நீல வண்டி திரும்பி வந்தது. பெண் இறங்காமலே ஜன்னல் வழியாக, 'தேர்ச்சி' என்று முத்திரை குத்திய ஒரு காகிதத்தை நீட்டினார். டைம்கீப்பர் கைகளைக் கால்சட்டையில் இருமுறை துடைத்தார், கறை போகவில்லை. அதனால் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஜன்னலருகே குனிந்து, அந்தக் காகிதத்தைத் தொடாமலே, அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்த நிபந்தனைகள்வரை, ஒரு வரி விடாமல் படித்தார்.