அறுந்த முனை

நியூகாசில் கம்பி ஆலையில் லாய்டின் வலது கண்ணைப் பறித்தது கம்பி. ஆனால் ஆலை சொன்னது, தன் கண்ணைத் தானே கெடுத்துக்கொண்டான் என்று. கம்பியைத் துளைவழி இழுத்து மெலிதாக்கும் டையில், உராயாமலிருக்கப் போடும் சோப்புப் பொடி தீர்ந்ததைக் கவனிக்காமல் ஓட்டினானாம், கம்பி சூடேறி அறுந்து அடித்ததாம். பாதி ஆயுளை அந்த டையோடு கழித்தவனுக்குக் கிடைத்த பட்டம் இது. கண் போனதைவிட இதுதான் அவனுக்கு வலித்தது.

தன் பேரைக் காப்பாற்ற அவனுக்கு வேண்டியதெல்லாம் அறுந்த முனை ஒன்றுதான். பொடி தீர்ந்து அறுந்தால் கம்பியின் மேலெல்லாம் கீறல் விழுந்திருக்கும். உருக்கு ஆறும்போதே அதிலுள்ள கரி நடுவில் போய் ஒதுங்கியிருந்தால் கதை வேறு, குற்றம் உருக்கின்மேல். டையில் இழுக்க இழுக்க மேல்பாகம் நீளும், கெட்டிப்பட்ட நடுப்பாகம் நீளாது. உள்ளுக்குள்ளேயே விரிசல் விட்டு, திடீரென்று அறும். ஒரு முனையில் குழி இருக்கும், மறுமுனையில் கூம்பு. வெளியே பார்த்தால் மாசுமரு இருக்காது.

அந்த முனையை, அதே ஷிப்டில் கூட வேலை பார்த்த மெர்வ் வெட்டி எறிந்துவிட்டான். நின்றுபோன மெஷினை அடுத்த ஷிப்டிடம் ஒப்படைப்பது அங்கே மானக்கேடு. கூட்டாளியின் மானம் போகக்கூடாதென்று, ஆம்புலன்ஸ் கேட்டைத் தாண்டுமுன் இரண்டு முனையையும் கத்தரித்து, வெல்டிங் வைத்து, மெஷினை ஓட்டிவிட்டான். துண்டுகள் கழிவிரும்போடு உலைக்குப் போயின. பாவி மனுஷன், நல்லதுதான் நினைத்தான்.

சில மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை பீர் பாட்டில்களோடு வீட்டுக்கு வந்த மெர்வ், லாய்டின் மேசையில் ஒரு கம்பித் துண்டை வைத்தான்.

“அதே உருக்குல வந்த இன்னொரு சுருள்டா. என்கிட்ட அறுந்துச்சு. இந்தத் தடவை மெஷின ஓட்டல. அடுத்த ஷிப்ட் பசங்க கண்டபடி ஏசுனானுங்க, ஏசட்டும்னு நின்னேன்.”

லாய்ட் விரல்நுனியால் தடவினான். குழி இருந்தது.

“ஆபீஸ்ல காட்டுனியா?”

“காட்டுனேன். இது வேற சுருள், லாய்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லேங்கிறானுங்க.”

“சரியாத்தான் சொல்லியிருக்கானுங்க. இது உன்னோட முனை. என்னோடத நீதான் உலைக்கு அனுப்பிட்டியே.”

மெர்வ் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். “உனக்காகத்தான்டா செஞ்சேன்.”

“தெரியும். உன் எடத்துல நான் இருந்தாலும் வெட்டித்தான் எறிஞ்சிருப்பேன். அதான் உன்னத் திட்டக்கூட முடியல.” லாய்ட் துண்டை அவன் பக்கம் தள்ளினான். “திட்ட முடியுற அன்னைக்கு நானே கூப்பிடுறேன். அதுவரைக்கும் இங்க வராத.”