பிளாக்கில் சுரண்டிய பொட்டு

பெண்களை முதுகுப்புறமாகவே வரைகிறவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. முகத்தைக் காட்டாமலே மனசைக் காட்டிவிடுகிறேனாம். இப்படி ஒருவர் பத்திரிகைக்குக் கடிதம் எழுத, அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் எழுத, பத்திராதிபர் எல்லாவற்றையும் அச்சில் போட்டுவிட்டார். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ரசத்துக்கும் மோருக்கும் நடுவே இதைப் பற்றி விசாரிப்பார். என்னத்தைச் சொல்ல? எரிச்சலை மென்று விழுங்கிவிட்டு, "ஏதோ கை போன வழி" என்பேன். அது சுத்தப் பொய். நான் முகம் வரைவதை விட்டதற்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு துத்தநாகத் தகடுதான் காரணம்.

அப்போது நாங்கள் மயிலாப்பூரில் தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். பகலில் மாம்பலத்துப் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் டிராயிங் வாத்தியார் வேலை. சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து, ராயப்பேட்டையிலிருந்து வந்த ஒரு பத்திரிகைக்குக் கதைப் படங்கள். மாம்பலத்துக்குத் தியாகராய நகர் என்று புதுப்பெயர் சூட்டி, ஏரி கிடந்த இடத்தில் வீடுவீடாக எழுப்பிக்கொண்டிருந்த காலம் அது. வகுப்பில் எந்தத் தாளைத் தொட்டாலும் செங்கல் தூசி ஒட்டும்.

அந்தப் பெண்களுக்கு முகம் வரையச் சொல்லித் தருவதற்குள் என் உயிர் போய் உயிர் வரும். எடுத்தவுடன் தாளின் நடுவே ஒரு பொட்டை வைத்துவிடுவார்கள். அதற்குக் கீழே மூக்கு, இரண்டு பக்கமும் கண், இப்படியே இறங்கி, மோவாய்க்கு இடமில்லாமல் தாள் தீர்ந்துபோகும். "முதலில் முட்டை மாதிரி ஒரு கோடு. அதற்குள் கண், மூக்கு, வாய். பொட்டு கடைசியில்!" என்று நான் கத்தாத வாரம் கிடையாது. தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, ஆசாரமான வீட்டுப் பெண்கள், முட்டை என்று சொல்ல வேண்டாம், மாங்காய் என்று சொல்லுங்கள் என்றார். சொன்னேன். அந்த வாரம் வந்த முகங்கள் எல்லாவற்றுக்கும் மோவாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டிருந்தது. பொட்டு மட்டும் வழக்கம்போல் முதலில் வந்துவிட்டது.

இந்த லட்சணத்தில் ஒருநாள் பத்திரிகையிலிருந்து ஒரு கதை வந்தது. வெளியூர் போன புருஷனுக்காக வாசற்படியில் காத்திருக்கும் பெண்ணை வரைய வேண்டும். பார்த்து வரைய யாரைக் கூப்பிடுவது? என் மனைவி கூடத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சொல்லாமல் கொள்ளாமல் அவளை வரைய ஆரம்பித்தேன். திடீரென்று நிமிர்ந்தாள்.

"ஏன்னா, உப்பு தீந்துபோச்சு. வாங்கிண்டு வரேளா?"

அந்த முகம் அப்படியே தாளில் இறங்கிவிட்டது. அதைவிட நல்ல முகம் நான் அதற்கு முன்னும் போட்டதில்லை, பின்னும் போட்டதில்லை. படம் வெளியானதும் அவள் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து, பெட்டியில் கூறைப்புடவைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். உப்பு கேட்ட விஷயம் எங்கள் இருவருக்கும்தான் தெரியும்.

பத்திரிகைப் படங்களை அச்சடிக்கிற விதத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். நான் மையால் வரைந்த கோடுகள் ஒரு துத்தநாகத் தகட்டில் மேடாக எழும்பி நிற்கும்படி செய்து, அந்தத் தகட்டை மரக்கட்டையில் அறைந்துவிடுவார்கள். அதுதான் பிளாக். செய்யச் செலவு பிடிக்கும். அதனால் ஒருமுறை செய்ததைச் சும்மா வைத்திருக்க எந்தப் பத்திராதிபருக்கும் மனசு வராது. எங்கள் பத்திராதிபருக்கோ சுத்தமாக வராது.

இரண்டு மாதம் கழித்து அதே படம் வேறொரு கதைக்கு மேலே வந்தது. இந்தத் தடவை அவள் புருஷனை விட்டுவிட்டு நாடகக்காரனோடு ஓடிப்போனவள். எனக்கு ரத்தம் கொதித்தது. என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"உப்பு வாங்கிண்டு வராத புருஷனா இருந்தா வேற என்ன பண்றது?"

பிறகு ஒரு தலைவலித் தைல விளம்பரத்தில் வந்தாள். அதற்கும் சிரித்தாள். நான்தான் ராயப்பேட்டைக்கு நடையாய் நடந்து சண்டை போட்டேன். "பிளாக் இருக்கும்போது வீணாக்குவானேன் ஓய்?" என்று பத்திராதிபர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொள்வார். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

நாலாவது தடவை அந்த இதழ் பக்கத்து வீட்டுக்கு முதலில் வந்துவிட்டது. அந்த வீட்டு மாமி கொண்டுவந்து என் மனைவியிடம் நீட்டினாள். கதை ஒரு விதவையின் கதை. படத்தில் அதே வாசற்படி, அதே முகம். நெற்றியில் பொட்டு இல்லை.

இந்தத் தடவை என் மனைவி சிரிக்கவில்லை. அழவும் இல்லை. குங்குமச் சிமிழை எடுத்து வந்து, படத்தில் இருந்த நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள். எங்கள் சந்தில் அந்தப் பத்திரிகை வாங்குகிற வீடுகள் இன்னும் இரண்டு. சிமிழோடு அந்த இரண்டு வீட்டுக்கும் போய், இதழைக் கேட்டு வாங்கி, பொட்டு வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"பாக்கியெல்லாம் ஊர் பூரா எத்தனை இருக்கும்?" என்று கேட்டாள். நான் அப்போதே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அச்சுக்கூடத்து மேஸ்திரி என்னைக் கண்டதும் பிளாக்கை எடுத்துக் காட்டினான். நெற்றி வழவழவென்று இருந்தது.

"இன்னா சாமி, இதுக்குப் போயி இம்மாம் கோவமா கீறே? கத, தாலியறுத்தவ கத. பொட்டு வெச்சுக்கினு இருந்தா நல்லாவா கீது? ரெண்டே சுரண்டு, போயிடிச்சு."

"திருப்பி வை."

"அத்த எப்டி சாமி வெக்கறது? மேடு போச்சுன்னா போனதுதான்."

பத்திராதிபரிடம் போனேன். "அது உம்ம ஆத்துக்காரி என்று யாருக்கு ஓய் தெரியும்? நீர் வாயை மூடிக்கொண்டிருந்தால் சரி" என்றார். பிளாக்கைக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். பிளாக் பத்திரிகையின் சொத்து என்றார். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். நடக்கவில்லை. அந்தத் தீபாவளி மலரில் அதே பிளாக் மறுபடியும் வந்தது. கீழே மத்தாப்பு மாதிரி ஏதோ பூ அச்சைச் சேர்த்திருந்தார்கள். பொட்டில்லாத நெற்றியோடு என் மனைவி ஊர் முழுக்கத் தீபாவளி கொண்டாடினாள். அதற்குப் பிறகு நான் என்ன வரைகிறேன் என்று எட்டிப் பார்ப்பதை அவள் நிறுத்திவிட்டாள்.

பத்திரிகையை விட்டுத் தொலைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. பள்ளிக்கூடச் சம்பளத்தில் குடித்தனம் நடக்காது. ஆகவே இனி எந்தப் பெண்ணுக்கும் முகம் போடுவதில்லை என்று முடிவு செய்தேன். தண்ணீர் எடுக்கிறவள், கோலம் போடுகிறவள், ரயில் ஏறுகிறவள் எல்லோரும் எனக்குப் பின்னலையும் முதுகையும் காட்டினார்கள். பத்திராதிபருக்குப் புத்தி வரும் என்று நினைத்தேன். அவருக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். முதுகு என்றால் கன்னிக்கும் போடலாம், விதவைக்கும் போடலாம், ஓடிப்போனவளுக்கும் போடலாம். சுரண்டுகிற வேலைகூட மிச்சம்! என் பிளாக்குகள் முன்னைவிட அதிகமாக உழைத்தன. அதன் பிறகுதான் வாசகர் கடிதங்கள் வர ஆரம்பித்தன.

என் மாணவிகளும் பத்திரிகை படிக்கிறவர்கள்தானே. இன்ஸ்பெக்டர் வந்த அன்று 'அம்மா' என்று தலைப்புக் கொடுத்தேன். முப்பது தாளிலும் முப்பது கொண்டை. கோணல் மோவாயும் இல்லை, பொட்டும் இல்லை. இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு தாளாகத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கத்தில் முகம் இருக்குமோ என்று. எனக்குப் பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று இருந்தது.

இப்படி ஆறேழு வருஷம் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் மனைவி பெட்டியைத் திறந்து புடவைகளை வெயிலில் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பழைய பக்கத்தை என்னிடம் கொண்டுவந்தாள். பூச்சி அரித்து, முகம் இருந்த இடத்தில் ஓட்டையாக இருந்தது.

"ஒண்ணு போட்டுக் குடுங்கோ. பத்திரிகைக்கு வேண்டாம். ஆத்துக்கு."

அத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் கேட்ட ஒரே படம். ஜன்னல் பக்கம் முறத்தோடு உட்காரவைத்தேன். வகுப்பில் கத்துகிறபடியே முதலில் கோட்டை இழுத்தேன். காது வந்தது. காதோரத்து முடி வந்தது. கழுத்து வளைவு நினைத்த மாதிரி வந்தது. முகம் வரவில்லை. கண்ணைப் போட்டால் யாரோ ஒருத்தியின் கண். வாயைத் திருத்தினால் இன்னொருத்தியின் வாய். ஒரு தாள், இரண்டு தாள், மூன்றாவது தாள். பென்சிலைச் சீவினேன், ரப்பரைத் திட்டினேன், வெளிச்சம் சரியில்லை என்றேன். என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது. இத்தனை நாளும் பத்திராதிபரைத் திட்டிக்கொண்டே நானும் இவள் முகத்தைப் பார்க்காமல் இருந்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அவள் எழுந்து வந்து மூன்று தாளையும் பார்த்தாள்.

"வரலேன்னா சொல்லுங்கோ. நான் திரும்பி உக்காந்துக்கறேன்."

கேலியாகத்தான் சொன்னாள். "வேண்டாம், அப்படியே இரு" என்று சொல்லி நாலாவது தாளை எடுத்தேன். அதன் நடுவே முதலில் பொட்டை வைத்தேன். பிறகு அவளைப் பார்த்து, பொட்டுக்குக் கீழே மூக்கைப் போட ஆரம்பித்தேன்.