அவர் மெச்சிய பேனா

இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனு எழுதக் கொட்டகலைக் கடைவீதியில் இருந்த மனு எழுத்தரிடம் போனேன். எழுதி முடித்ததும் நிப்பைத் தன் எண்ணெய்த் தலையில் துடைப்பது அவர் வழக்கம். நான் புதிதாக வாங்கியிருந்த மலிவு மைப்பேனாவை எழுதிப் பார்த்தார்.

“நிப்பு சும்மா வழுக்கிட்டுப் போகுதே! ஒங்க தோட்டத்து லயத்துல எல்லாம் கைநாட்டு. நீங்க கையெழுத்தே போடுங்க தம்பி.”

விண்ணப்பப் பாரம் எனக்குத் தெரியாத இங்கிலீஷில் இருந்தது.

“இங்கயே இருக்கத்தானேங்க?”

“வேற எதுக்கு?”

பூரிப்பில் மூன்று இடத்தில் போட்டேன்.

இந்தியாவுக்குப் போக நானே சம்மதித்ததாகக் கடிதம் வந்தது. ஓடிப்போய்க் கேட்டேன்.

“ஆசையாப் போட்டது நீங்கதானே தம்பி,” என்று நிப்பைத் தலையில் துடைத்தார்.

பேனாவைப் பற்றி மட்டும் அவர் பொய் சொல்லவில்லை. இங்கே நீலகிரியிலும் அது வழுக்கிக்கொண்டுதான் எழுதுகிறது.