கை படாத வெட்டு உத்தரவு

எங்கள் சர்க்கரை ஆலையின் மேலாளர் விவசாயி வீட்டில் மோர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். அவ்வளவு நேர்மை. அதுதான் எனக்கு எரிச்சல். திருடனாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டுப் போயிருப்பேன்.

யார் கரும்பை எப்போது வெட்டுவது என்று ஆலை கொடுக்கும் வெட்டு உத்தரவு, எங்கள் பக்கம் சிபாரிசு இல்லாமல் நகர்ந்ததில்லை. போன வருஷம் அந்த வேலையை ஏஐ-யிடம் கொடுத்தார்கள். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, எந்த வயல் முற்றியது என்று அதுவே சொல்லும். தவறு வந்தால் களத்தில் இருப்பவர்கள் திருத்த வழி வைக்கட்டுமா என்று அதைச் செய்துகொடுத்த கம்பெனிக்காரர்கள் கேட்டார்கள். மேலாளர் வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார். ஏஐ அறம் பற்றிச் சென்னையில் பயிற்சிக்குப் போய் வந்தவர் அவர். அங்கே என்னென்ன சொன்னார்களோ, இவர் கொண்டுவந்தது ஒன்றுதான்: மனிதன் கை படாமல் இருப்பதே அறம். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை.

கல்வராயன் மலையடிவாரத்து ஊர்களுக்கு நான் கரும்பு அலுவலர். அங்கே ஒரு அக்கா குத்தகை நிலத்தில் கரும்பு போட்டிருந்தார். பங்குனிக்குள் நிலத்தை ஒப்படைத்தாக வேண்டும். ஏஐ மட்டும் அவர் கரும்பு முற்றவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தது. எதைப் பார்த்துச் சொல்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

“இன்னா சார், பூவே வந்துடுச்சி. காஞ்சிக்கினே போவுது. இன்னும் முத்தலைன்னா எப்டி?” என்றார்.

பூத்த கரும்பைப் போனில் படம் எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“அந்தம்மா உங்களுக்குச் சொந்தமா?”

“இல்ல சார்.”

“அப்புறம் ஏன் அவங்களுக்காகப் பேசறீங்க? இன்னிக்கி ஒருத்தருக்கு மாத்தினா, நாளைக்கி கட்சிக்காரங்க எல்லாம் வாசல்ல நிப்பாங்க.”

நிற்பார்கள்தான். ஆனால் தப்பைத் திருத்துவதும் சலுகை காட்டுவதும் ஒன்றா? அதை அவர் மண்டையில் ஏற்ற என்னால் முடியவில்லை.

ஆலையில் ஒரு பழைய விதி உண்டு. தீப்பிடித்த கரும்பு நாள் தாங்காது. அதனால் விலையில் பிடித்தம் செய்துகொண்டு, வரிசை பார்க்காமல் உடனே வெட்டுவோம். அந்த விதியையும் ஏஐ-க்குள் போட்டிருந்தார்கள்.

ஒரு காலையில் சங்கராபுரம் ரோட்டிலிருந்தே புகை தெரிந்தது. நான் போனபோது, பக்கத்து வயலுக்குத் தீ தாவாமல் இருக்க அக்கா ஈரச் சாக்கோடு தன் வயல் வரப்பில் நின்றுகொண்டிருந்தார்.

“எப்டிக்கா புடிச்சிது?”

“நான்தான் வெச்சேன். போய்ச் சொல்லு சார், இப்பவாச்சும் வெட்டட்டும்.”

யார் வைத்தது என்று நான் சொல்லவில்லை. ஏஐ-க்குத் தகவல் போகும் போன் செயலியில் ‘தீ’ என்று மட்டும் பதிந்தேன். மதியத்துக்குள் உத்தரவு வந்துவிட்டது. சாயங்காலக் கூட்டத்தில் மேலாளருக்கு ஒரே பூரிப்பு. “பாத்தீங்களா? ஒரு சிபாரிசு இல்ல. அதுவாவே குடுத்துச்சு.” எல்லோரும் கை தட்டினார்கள்.

மறுவாரம் பக்கத்து ஊர் விவசாயி ஒருவர் என் வண்டியை நிறுத்தினார். அவர் கரும்பும் பூத்துவிட்டதாம்.

“ஏன் சார், கொளுத்தினாத்தான் அதுக்குக் கண்ணு தெரியுமா?”