தொங்கும் சக்கரத்தை அளந்தவர்

ஊரில் பாதிப் பேருடைய எல்லைச் சண்டையை டேப் வைத்துத் தீர்த்தவர் சர்வேயர். மீதிப் பாதியின் சண்டையை ஆரம்பித்து வைத்தவரும் அவரே. அளவு விஷயத்தில் தனக்கு மேல் ஆளில்லை என்பதை அவரே சொல்லிவிடுவதால், மற்றவர்களுக்கு அந்தச் சிரமம் இல்லை.

வீட்டிலிருந்த பழைய கார் மாமனார் தன் மகளுக்கு, அதாவது சர்வேயரின் மனைவிக்கு, விட்டுப்போனது. அதை ஓட்டுவதும் அதைப் பற்றிப் பேசுவதும் மட்டும் சர்வேயர். ஆயுள் முழுக்கத் தார்ச்சாலையை விட்டு இறங்காத அந்தச் சாதுவான வண்டியைக் காடு மேடெல்லாம் போகிற வண்டியாக்க அவருக்கு ஆசை. எந்தக் காடு என்று யாரும் கேட்கவில்லை. ஸ்பிரிங்குகளுக்கு அடியில் தடித்த வளையங்களைச் சொருகி நாலு விரல் உயர்த்தினார். குதிகால் உயர்ந்த செருப்பு மாட்டிய குமாஸ்தாவைப் போல் நின்றது கார்.

அன்றிலிருந்து வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் பின்பக்கம் 'டம்' என்று ஓர் அடி. சக்கரம் கீழே இறங்கப் பார்க்கும்; நீளம் போதாத பழைய ஷாக் அப்சர்பர் அதைப் பாதியிலேயே பிடித்து இழுக்கும். முன்சீட்டில் சர்வேயரின் கருவிப் பெட்டி உட்காருவது வழக்கமாதலால், அந்த இழுப்பு பின்சீட்டில் மனைவியின் இடுப்பில் போய் முடியும்.

"இன்னொரு தடவ டம்முனு கேட்டா வண்டி எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடும். நான் பஸ்ல போய்க்கறேன்" என்றாள் அவள்.

"புது ஷாக் போட்டா மெத்தை மாதிரி போகும். கொஞ்சம் பொறு."

"போன மாசமும் மெத்தைன்னுதான் சொன்னீங்க. உள்ள யாரோ சுத்தியல மறந்து வெச்சுத் தெச்சுட்டாங்க போல."

பெண்ணுக்கு வரன் பார்ப்பதைப் போல் சர்வேயர் ஷாக் பார்த்தார். எண்ணெய் நிரப்பியதா, வாயு அடைத்ததா? மஞ்சளா, நீலமா? சரக்கு வண்டிக்கான தடித்த ஷாக்கில் மனம் லயித்திருந்தபோது, "நான் என்ன மூட்டையா?" என்று மனைவி கேட்டதில் அந்தச் சம்பந்தம் முறிந்தது. கடைக்காரர் எல்லாவற்றுக்கும் "கரெக்ட் சார்" என்றார். வாங்குகிறவரோடு வாதாடி யார் கடை நடத்தினார்கள்?

கடைசியில் நீளம். காரை ஜாக்கியில் தூக்கி, பின்சக்கரங்களைத் தொங்கவிட்டு, அடியில் தவழ்ந்து போய், மேல் போல்ட்டிலிருந்து கீழ் போல்ட்வரை மூன்று முறை அளந்து சராசரி எடுத்தார். கூடக் கொஞ்சம் சேர்க்கலாமோ என்று தோன்றியதைத் தொழில் தர்மத்துக்கு விரோதம் என்று தள்ளினார். பிறகு மைத்துனருக்குப் போன்.

"மச்சான், அளவெல்லாம் நானே எடுத்துட்டேன்."

"அதான் மாப்பிள்ள பயமா இருக்கு."

நீல நிற ஷாக்குகள் வந்தன. பழையவற்றின் போல்ட்டுகளைக் கழற்றியதும் பின்அச்சு விருட்டென்று இன்னும் ஒரு கையளவு கீழே இறங்கித் தொங்கியது. சர்வேயர் அதைப் பார்த்தார். தரையில் கிடந்த பழைய ஷாக்கை இழுத்துப் புதியதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் இம்மி பிசகாமல் ஒரே நீளம். சக்கரத்தைப் பிடித்து வைத்திருந்ததே பழைய ஷாக்தான். அதைக் கழற்றாமல் அளந்தவர், அதன் நீளத்தையே மும்முறை சரிபார்த்திருக்கிறார்.

"என்னங்க சத்தம்?" என்று உள்ளேயிருந்து கேட்டது.

"ஒண்ணுமில்ல. வண்டி மூச்சு விடுது."

தப்பாக அளந்தேன் என்று கடையில் போய்ச் சொல்வதா? அதைவிட மனைவியின் இடுப்பு மலிவு. அச்சை ஜாக்கியால் முட்டுக்கொடுத்துத் தூக்கி, அதே நீலத்தை மாட்டிவிட்டார்.

தெருமுனை வேகத்தடையிலேயே 'டம்'. நிறம் மாறியதால் சத்தம் மாறிவிடவில்லை. மனைவி இறங்கி, கதவைச் சாத்தி, பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். அன்று சாயங்காலமே மைத்துனர் வந்து சாவியை வாங்கிக்கொண்டார்.

அவர் செய்தது ஒன்றே ஒன்று: வளையங்களைப் பிடுங்கி எறிந்தார். கார் தன் பழைய உயரத்துக்கு இறங்கியது. பழைய நீளத்துப் புது ஷாக்குகள் அதற்கு அளவெடுத்துச் செய்ததைப் போல் பொருந்தின.

அடுத்த வாரம் மைத்துனர் ஓட்ட, தங்கை முன்சீட்டில். கருவிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சர்வேயர் பின்சீட்டில். வேகத்தடை வந்தது, போனது, சத்தமே இல்லை.

"பாத்தியா? ஷாக்கு யாரு செலக்‌ஷன்!"

"உங்களோடதுதான்" என்றாள் அவள், திரும்பாமலே. "சாவி அண்ணன்கிட்டயே இருக்கட்டும்."